குமிழ் நின்றுவிட்டது

கிளெண்டன்,

சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. பூசணி சூப்பைச் சூடு பண்ணிக் குடி.

இரண்டு வாரமாகச் சுரங்கத்திலிருந்து தினமும் போன் செய்து, "பீர் வாளி குமிழ் விடுதா?" என்றுதான் கேட்டாய். "ம், விடுது" என்றதும் வைத்துவிட்டாய். நீ பீரைப் புளிக்க வைத்து, வாளி மூடியில் செருகிவிட்டுப் போன ஏர்லாக்கில், அந்தக் காற்றுப்போக்கிக் குழாயில், தண்ணீர் வற்றாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். இந்த வீட்டில் என்னோடு பேசியது அதன் 'குபுக்' சத்தம் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை அதுவும் நின்றுவிட்டது. பன்பரி ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

மார்லீன்

பி.கு.: வாளியைச் சலவை அறையில் தேடாதே. கட்டிலருகே, நீ படுக்கும் பக்கம் இருக்கிறது.

இன்னொன்று: சத்தம் நின்றால் பீர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை என்பாயே. அவசரப்பட்டு மூடியைத் திறக்காதே. முதலில் எனக்குப் போன் செய். பீரைப் பற்றிக் கேட்காதே.