பாட்டே இல்லாத தட்டுக்கு ஓர் ஊசி

போன வாரம் கடைவாய்ப் பல்வலி தாங்காமல் மைசூர் விஜயநகரில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும் கிராம்புத் தைல வாசனை வந்தது. டாக்டர் உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்க்குள் பஞ்சு, கண்ணில் நீர், தோள் குலுங்கும் சிரிப்பு. "வலிக்குதா மேடம்?" என்று அவர் பதறிக் கையை எடுத்துவிட்டார். அவரிடம் என்னவென்று சொல்வேன்? எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மா இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பல்லைவிட ஆசையாக டர்ன்டேபிள் ஊசியைத்தான் பார்ப்பாள் என்றா?

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று அந்த நாற்காலியில்தான் தோன்றியது.

நாம் முதலில் பேசிக்கொண்டதும் உன் கிளினிக் நாற்காலியில்தானே. கொள்ளேகாலிலிருந்து நான் மைசூருக்கு வேலைக்கு வந்த புதிது. ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. உன் கிளினிக்கில் மெல்லிய சத்தத்தில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று முடியும் முன்பே அடுத்தது அதே தாளத்தில் வந்து கலந்துவிடும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நான் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். நீ கருவியை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "பாட்டு மாறின இடத்துல கரெக்டா காலும் மாறிடுச்சு. யாருமே கவனிக்க மாட்டாங்க, அல்வா?"

'இல்லையா' என்பதற்குக் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள் என்பது கொள்ளேகால்காரிக்குத் தெரியாததல்ல. ஆனால் தமிழ் வாக்கியத்தின் வாலில் அல்வாவை ஒட்டிப் பேசும் மைசூர்த் தமிழை நான் கேட்டது அன்றுதான். அப்புறம் எத்தனை வருடம், "எனக்கு அல்வா குடுக்காம பேசு புள்ள" என்று உன்னைச் சீண்டியிருப்பேன்!

அந்த வாரமே மாடியிலிருந்த உன் அறைக்குக் கூட்டிப்போனாய். இசைத்தட்டு சுழற்றும் இரண்டு டர்ன்டேபிள்கள், நடுவில் இரண்டின் பாட்டையும் கலக்கும் மிக்ஸர், பக்கத்தில் லேப்டாப். கறுப்புத் தட்டு ஒன்றை என் கையில் வைத்து, "இதுல பாட்டே இல்ல" என்றாய். ஊசியை வைத்துக் கேட்கவும் வைத்தாய். கீ என்று நீளமாக ஒரே ஒலி. தட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது, எவ்வளவு வேகம், ஊசி எந்த இடத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் லேப்டாப் அந்த ஒலியிலிருந்தே தெரிந்துகொள்ளும். பாட்டு லேப்டாப்பிலிருந்து வரும். தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்தால் பாட்டும் பின்னுக்குப் போகும். திரையில் ஒரு பச்சை வளையம் தெரிந்தது. ஊசி சரியாகப் படித்தால் அது வட்டமாக இருக்கும், தேய்ந்தாலோ தூசி ஏறினாலோ கோணிக்கொள்ளும். அன்று மாலை முழுவதும் நான் அந்தத் தட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து பாட்டுப் போடுவது என்பதை யார் முதலில் சொன்னோம் என்று இப்போது நினைவில்லை.

ஆனால் ஊசிச் சண்டை நன்றாக நினைவிருக்கிறது. பழைய ஊசிகள் தேய்ந்ததும் புதிதாக வாங்கப் பார்த்தோம். உனக்கு நீள்வட்ட முனைதான் வேண்டும். அது பள்ளத்தின் அடிவரை இறங்கிப் பொடிச் சத்தத்தையும் எடுத்துவிடும் என்றாய். கூர்மையான கருவி என்றால் உனக்குத் தனிப் பிரியம். நானோ உருண்டை முனை என்றேன். அது அகலமாக உட்கார்ந்து தட்டைப் பிடித்துக்கொள்ளும், முன்னும் பின்னும் இழுத்தாலும் எளிதில் தாவாது, தட்டும் சீக்கிரம் தேயாது.

"பாட்டே இல்லாத தட்டுக்கு எதுக்கு புள்ள இத்தனை சங்கீத ஞானமுள்ள ஊசி?" என்று கேட்டேன்.

"உருண்டை ஊசி வெச்சா பல்லுல கரண்டி போட்டுத் தோண்டற மாதிரி இருக்கும். ஹோகே, போடி!" என்றாய்.

நீதான் ஜெயித்தாய். நீ கேட்டதையே வாங்கினோம். உன் கையில் அது அழகாகவும் ஓடியது. அறைக்குள் ஓடும்வரை.

என் தம்பியின் கல்யாண வரவேற்பு கொள்ளேகாலில். பெண் மைசூர்க் கன்னடக் குடும்பம். நாம்தான் பாட்டுப் போடுவோம் என்று தம்பி பிடிவாதமாக நின்றான். பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ளைங்க மேடையேறிப் பாட்டுப் போடறதா? சரி வரலீன்னா நானே வந்து நிறுத்திப் போடுவேன், பாத்துக்க" என்றார். நமக்குப் பதிலாக மேடையேறத் தெரிந்த ஆர்கெஸ்ட்ராக்காரர் ஒருவரை முன் வரிசையில் உட்கார வைத்தும் விட்டார். நமக்கு அதுதான் முதல் மேடை.

மேடை பலகை மேடை. தம்பியின் நண்பர்கள் ஏறி ஆடத் தொடங்கியதும் பலகை குதித்தது, ஊசியும் குதித்தது. பாட்டு பல்லவியிலிருந்து சரணத்துக்குத் தாவியது. நான் மேஜைக் கால்களுக்கு அடியில் மடித்த துண்டுகளைச் செருகிக்கொண்டிருந்தபோது சித்தி வந்தாள், ஒரு பழைய பாட்டு கேட்க. குனிந்தவளின் பட்டு முந்தானை ஊசியைத் தாங்கும் கம்பிக் கையில் மாட்டி இழுத்தது. டப்பென்று ஒரு சத்தம். உன் ஆசை ஊசியின் முனை போயே போய்விட்டது.

பெரியப்பா எழுந்து நின்றார்.

என் பையில் உருண்டை முனை ஊசி பொருத்திய ஒரு கார்ட்ரிட்ஜ் இருந்தது. உனக்குச் சொல்லாமல் எடுத்து வைத்திருந்தேன். நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். கைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியும் பல் இடுக்கியும் வெளியே வந்தன. பட்டுப்புடவையில் ஒரு டாக்டரம்மா மேடையில் குனிந்து தலைமுடி மாதிரி மெல்லிய வண்ணக் கம்பிகளை மாட்டுவதைச் சமையல்காரர்கள்கூட வந்து வேடிக்கை பார்த்தார்கள். மற்ற தட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடியப்போகிறது. ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்க்க நேரமில்லை. "ஆய்த்து, முடிஞ்சுது!" என்று ஊசியை வைத்தாய்.

பாட்டு தலைகீழாக வந்தது.

அவசரத்தில் இடது வலது கம்பிகளை மாற்றி மாட்டியிருந்தாய். தட்டு பின்பக்கமாகச் சுற்றுகிறது என்று லேப்டாப் நினைத்துக்கொண்டது. பாட்டு வாலிலிருந்து தலைக்குப் பாடியது. கீழே பெரியப்பா பக்கத்து ஆளிடம், "ஏனுங், இது கன்னடப் பாட்டுங்களா?" என்று கேட்டார். கேட்கப்பட்டவர் பெண்ணின் மாமா. அவர் பணிவாக, "இது தமிழ் ஹாடு அல்வா?" என்று திருப்பிக் கேட்டார்.

உன் காதில் அது விழுந்ததுதான் தாமதம், நீ சிரித்த சிரிப்பு! சிரித்துக்கொண்டே தட்டில் கையை வைத்துப் பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கினாய். பாட்டு நேராக வந்தது. கொஞ்சம் குடித்தவன் பாடுவது போலக் குழைந்து குழைந்து, ஆனால் நேராக. கையை எடுத்தால் தலைகீழ், சுற்றினால் நேர். அது வித்தை என்று நினைத்துக் கூட்டம் கூச்சல் போட்டது. நீ கையை எடுத்து எடுத்து வைத்து விளையாடினாய். அதற்குள் நான் மற்ற தட்டில் அதே பாட்டை எடுத்து, தாளம் பிடித்துக் கலந்துவிட்டேன். முன் வரிசை எழுந்து ஆடியது. ஆர்கெஸ்ட்ராக்காரர் முதல் ஆளாக ஆடினார். அதன் பிறகு நம் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும், "அந்தத் திருப்பிப் பாடற பாட்டு போடு புள்ள" என்று கேட்பது பெரியப்பாதான்.

திரும்பி வரும்போது காரில் நீ முனை போன ஊசியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு, "கரண்டிதான் நல்லாத் தோண்டுது, அல்வா?" என்றாய்.

அன்றிலிருந்து நமக்கு உருண்டை முனைதான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முனைகளைப் பார்ப்பாய். தட்டுகளைத் துடைப்பாய், ஊசி தட்டில் அழுத்தும் எடையைச் சரிபார்ப்பாய். "ஊசியும் பல்லு மாதிரிதான் கணே. வலிக்கறதுக்கு முன்னாடி பாத்துடணும்" என்பாய். என் 'புள்ள'தான் உன் கன்னடத்தில் 'கணே'.

உன் உடம்பில் மட்டும் வலிக்கும் வரை எதுவும் தெரியவில்லை. தெரிந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூட நர்ஸின் செருப்புச் சத்தத்துக்கு எந்தப் பாட்டு பொருந்தும் என்று என்னோடு பந்தயம் கட்டியவள் நீ.

உன் கணவர் டர்ன்டேபிள்களை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். நான் துணி போட்டு மூடி வைத்தேன். கூப்பிட்டவர்களிடமெல்லாம் இப்போது போடுவதில்லை என்றேன். ஆனால் அந்தப் பல் டாக்டரிடம் சிரித்துவிட்டு வந்த நாளில் துணியை எடுத்தேன். தட்டைச் சுற்றவிட்டதும் லேப்டாப் திரையில் அந்தப் பச்சை வளையம் கோணிக்கிடந்தது. பெங்களூர்க் கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் நீள்வட்டமா, உருண்டையா என்றார். "ஆட வைக்கறதுக்குங்க. உருண்டையே குடுங்க" என்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தெருக்காரர்கள் பூங்காவில் கூடினார்கள். உன் கணவர்தான், "நீங்க போட்டா நல்லாயிருக்கும்" என்று கேட்டார். புது ஊசிகளோடு போனேன். மரத்தடியில் மேஜை போட்டோம். மூன்றாவது பாட்டில் கூட்டம் சூடு பிடித்தது.

உன்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூட்டம் நன்றாக ஆடத் தொடங்கியதும் என்னை மேஜையில் தனியாக விட்டுவிட்டு நீ இறங்கி ஆடப் போய்விடுவாய். "பயமில்லாம விட்டுட்டுப் போக முடிஞ்சா அதுதான் நல்ல ஊசி. பாரே, நீயும் வாடி!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து கை நீட்டுவாய். நான் ஒரு தடவைகூட வந்ததில்லை. யாராவது ஒருவர் மேஜையில் இருக்க வேண்டாமா என்பேன்.

நேற்று மேஜையில் என்னைத் தவிர யாரும் இல்லை. நீளமான பாட்டு ஒன்றைப் போட்டேன். வளையம் வட்டமாக நின்றது. கூட்டத்தில் உன் கணவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓர் ஓரமாக ஆடிக்கொண்டிருந்தார். ஹெட்ஃபோனைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் இறங்கிப் போனேன்.