எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு

18 மே 1974, சனி

நாமே ஒட்டிச் செய்யும் கிதார் பெட்டி ஒன்று வாங்க, அப்பா என்னையும் தங்கை ஸ்டெல்லாவையும் கடைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் தந்தி மாட்டும் கட்டையை, வலக்கைக்காரருக்கு ஏற்றபடி சற்றே சாய்த்து, முன்பே ஒட்டியிருந்தார்கள்.

"இதை எடுடா, வேலை மிச்சம்" என்றார் அப்பா.

நான் ஒட்டாததோடு ஒட்டிக்கொண்டேன். "ரெடியா கீறதை வாங்கினா நாம எதுக்கு நைனா?" என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். அப்பாவும் விட்டுக்கொடுத்தார்.

உண்மைக் காரணம் வேறு. ஸ்டெல்லா இடக்கைக்காரி. அவள் வாசிக்க வேண்டுமானால் அந்தக் கட்டையை எதிர்ப்பக்கம் சாய்த்து ஒட்ட வேண்டும். இடக்கையால் எழுதினாலே விரலில் ஸ்கேல் விழும் வீடு இது.

வந்ததும் அப்பா செய்முறைத் தாளைப் பார்த்துப் பலகையில் கட்டை ஒட்டும் இடத்துக்குப் பென்சில் கோடு போட்டார். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நானே ஒட்டுறேன்."

பசை காய்ந்தால் கட்டையைப் பெயர்க்க முடியாது. ஸ்டெல்லா என் காதில், "அப்ப நான் எந்தக் கையால வாசிக்கிறதுண்ணா?" என்றாள்.

அவர் படுத்தபின் கோட்டை அழித்து எதிர்ப்பக்கம் சாய்த்துப் போட்டுவிட்டேன். தாளை மறுபடி பார்க்காவிட்டால், அவர் கையாலேயே ஒட்டிவிடுவார்.

கூடத்தில் அப்பாவின் இருமல் கேட்கிறது. பலகையிலிருந்த ரப்பர்த் தூளை ஊதினேனா, இல்லையா?