கைச்சிலம்புக்கு ஓர் ஆள்

ஜவ்வாது மலை,
17-8-1981

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் கெங்கம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் நலம். இருமல் குறைந்ததா, ஊசி போட்ட இடம் இன்னும் வலிக்கிறதா என்று எழுதவும். வாத்தியாரிடம் சொல்லி எழுதினால் பாதியை விழுங்கிவிடுவார். அதனால் என் ஐந்தாம் வகுப்பு எழுத்திலேயே எழுதுகிறேன். சாமை முழங்கால் உயரம் வந்திருக்கிறது. பன்றித் தொல்லைதான் தாங்கவில்லை.

ஆடித் திருவிழா விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபின் ரங்கண்ணன் பம்பையும் கோபால்சாமி அண்ணன் உடுக்கையும்தான் மிச்சம். நீங்கள் குலுக்கும் கைச்சிலம்புக்கு ஆள் இல்லாவிட்டால் கலசப்பாக்கத்திலிருந்து வேறு பம்பை செட்டு வரும் என்று நாட்டாண்மை சொல்லிவிட்டார். ஒரு வருஷம் வெளி ஆள் வந்து நின்றால் அப்புறம் உங்களை யார் கூப்பிடுவார்கள்?

இரண்டு பேர் போதாதா என்று ரங்கண்ணனைக் கேட்டேன். "ரெண்டு பேரு வாசிச்சா புருசன் பொண்டாட்டி சண்டை மாதிரி இருக்கும்மா. மூணாவது ஆளு பூந்தாத்தான் பேச்சுக்கு வரும்" என்றார். அன்றைக்கே உங்கள் சிலம்பை எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பத்து வருஷம் அடுப்படியிலிருந்து கேட்டவள்தானே என்று நினைத்தேன். முதல் நாள் பழகும்போது பம்பைத் தாளத்தைத் துரத்தி ஓடியதில் மானம் போயிற்று. "அவன் பின்னாடியே இன்னாத்துக்கு ஓடுற? எங்க ரெண்டு பேரையும் கேளு" என்று கோபால்சாமி அண்ணன் அதட்டினார். ஒன்பதாம் நாள்தான் இரண்டும் சேர்ந்து காதில் விழுந்தது. அதன்பின் கை தானாகப் போனது.

பெண் சிலம்பு எடுப்பதா என்று நாட்டாண்மை மறித்தார். சாமி இறங்காவிட்டால் கீழே வைத்துவிடுகிறேன், மறுபடி தொட மாட்டேன் என்றேன். ஆடிக் கடைசி வெள்ளியன்று மூன்றாவது பாட்டில் சாமியாடும் செல்லியம்மாள் மேல் அம்மன் வந்துவிட்டாள். முதலில் போய்த் திருநீறு வாங்கியவர் நாட்டாண்மைதான்.

அமிர்திப் பக்கம் ஒரு கோயிலில் இருந்து வாசிக்கக் கூப்பிட்டுத் தாம்பூலம் வந்திருக்கிறது. மூன்று பேரும் போகிறோம்.

மாமா, உங்கள் இடம் போகக்கூடாது என்றுதான் எடுத்தேன், அம்மன்மேல் சத்தியம். இப்போது சிலம்பை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. செட்டு என்றால் மூன்று பேர்தான், நாலு கிடையாது என்பதும் தெரியும். மாத்திரையை ஒரு வேளையும் விடாதீர்கள். நெஞ்சு தேறி நல்லபடியாக வந்து, ஒருநாள் எதிரில் உட்கார்ந்து நாங்கள் வாசிப்பதைக் கேளுங்கள். கேட்டபிறகும் சிலம்பைக் கொடு என்று சொல்ல உங்களுக்கு வாய் வந்தால், கொடுத்துவிடுகிறேன்.

அம்மன் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கெங்கம்மாள்