வேலிக்கு மேலே சிப்பித்தூள்

குருநகர்

என் அன்பு மகள் றொசாந்திக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன். போனில் கதைக்கலாம்தான், உன் தம்பி ஜெறோம் பக்கத்தில் நின்று பறிப்பான், அதனால்தான் எழுதுகிறேன்.

கடலுக்குப் போகமாட்டேன் என்று அவன் வளவுக்குள் ஊர்க்கோழி வளர்ப்பதும், அந்தக் கோபத்தில் அப்பா அவனோடு முகம் கொடுத்துக் கதைக்காததும் உனக்குத் தெரியும். கோழி விற்கவென்று பேஸ்புக்கில் ஒரு படம் போட்டான். யாருடைய கோழி தெரியுமா, உன் பக்கத்து வீட்டு நோர்வேக்கார அம்மாவின் கோழிகள் என்று நத்தார்ப் பெருநாளுக்கு நீ படம் அனுப்பினாயே, அந்தக் கொழுத்த கோழிகள்! உன்னையும் கேட்கவில்லை, அவவையும் கேட்கவில்லை. அதை நம்பிக் கோப்பாயிலிருந்து கமலாவதி என்றொருத்தி வந்தா. எங்கள் கோழியைப் பார்த்தா, படத்தைப் பார்த்தா, தம்பி உந்தப் படத்திலை கோழியின்ரை காலுக்குக் கீழை வெள்ளையாக் கிடக்கிறது என்ன எண்டு கேட்டா. இவன் கூசாமல், அது தீனிக்குப் போட்ட சிப்பித்தூள் அக்கா என்றான். வேலிக்கு மேலையும் சிப்பித்தூளோ போடுறனீங்கள் எண்டு கேட்டுவிட்டு அவ ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டா. வேலி முழுக்க உங்கள் ஊர்ப் பனியல்லவா! எனக்குச் சிரிப்பும் வந்தது, மானமும் போனது. அவ அதைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிட, பிறகு ஒருவரும் கோழி கேட்டு அழைக்கவில்லை. இதுவும் சரிவராட்டி நானும் ஏஜென்சி பிடிச்சு வெளிநாட்டுக்குப் போறன் எண்டு சொல்லிவிட்டு இவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். நான் துடித்துப்போனேன் மகள். ஒரு பிள்ளையைப் போனுக்குள் பார்ப்பது போதும் எனக்கு.

அப்போதுதான் அப்பா வாய் திறந்தார். மற்றவன்ரை வலையிலை பட்ட மீனை எங்கடை எண்டு கூறி விக்கிற குடும்பமோடா இது, எழும்பு, உன்ரை கோழியைப் படம் பிடி எண்டு ஒரு அதட்டல். சொன்னதோடு நிற்காமல் தானே பேட்டுக்கோழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அயல் வளவுக்குள் போனாலும் அடையாளம் தெரிய நான் காலில் நீல வலைநூல் கட்டிவிட்ட கோழி அது. பழைய படத்தை எடுத்துவிட்டு இந்தப் புதுப் படத்தைப் போட்டு, முந்தினது எங்களுடைய கோழி இல்லை, கேட்காமல் போட்டது பிழை, மன்னிக்கவும் என்று ஜெறோமே எழுதினான். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் வாசலில் கமலாவதி நிற்கிறா! உந்த நூல் கட்டின காலைக் கண்டாப்பிறகுதான் நம்பி வந்தனான் எண்டு சொல்லி ஒரு சோடி வாங்கிக்கொண்டு, குஞ்சுக்கும் சொல்லி வைத்துவிட்டுப் போனா. இப்போது அப்பா பழைய வலையில் கோழிக்கூட்டுக்குக் கதவு பின்னுகிறார். ஏஜென்சிக் கதை வீட்டில் இல்லை.

நீ அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, எங்களுக்காக மன்னிப்புக் கேள், மறந்துவிடாதே. இத்தோடு எங்கள் கோழியின் படம் ஒன்று வைத்திருக்கிறேன், அப்பாவின் கையும் அதில் தெரியும். அதை அவவிடம் கொடு. அவ யாருக்கும் காட்டலாம், எங்கேயும் போடலாம், எங்களுக்குச் சம்மதம் என்று சொல்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அன்பு அம்மா
அருமைநாயகி