கடற்கரைக் கரும்பலகை

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை பிள்ளைகளோடு சேர்ந்து பலகைக்குக் கருப்பு வண்ணம் பூசினேன். கரையோரத்து மீன் ஏலக்கூடத்தின் சுவரில் நாம் மாட்டிய அதே பலகைதான். உப்புக்காற்று ஆண்டுக்கொரு முறை அதை வெளுக்க வைத்துவிடுகிறது. டப்பாவின் மூடியை நெம்பியதும் மூக்கில் ஏறிய காரமான நெடியில், புர்கா கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு பிரஷ்ஷோடு நீங்கள் நின்ற நாள் ஞாபகம் வந்தது. "டீச்சர், சேலையைப் பார்த்து நில்லுங்க, பட்டா போகாது" என்றீர்கள். பட்டது. போகவும் இல்லை.

நம் நடுநிலைப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை மன்றச் செயல்பாடு. பதிவேட்டில் 'நடந்தது' என்று எழுதிவிட்டுப் பிள்ளைகளை விளையாட அனுப்பிவிடுவதுதான் அதுவரை வழக்கம். நீங்கள் அறிவியல், நான் தமிழ். இருவரும் அங்கே ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தவர்கள். "பேருக்கு எழுதுற மன்றத்தைப் பேசாம நடத்திப் பார்த்தா என்ன?" என்று கேட்டவர் நீங்கள். என்ன மன்றம் வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டோம். ஏழாம் வகுப்பு ரோஸ்லின் எழுந்து, "எங்க அப்பா தெனமும் நாளைக்குக் காத்து எப்பிடின்னு பாக்குற ஆள்கிட்டல்லாம் கேட்டுக்கிட்டே இருப்பாக டீச்சர். அதை நாம சொல்லலாமா?" என்றாள். அப்படிப் பிறந்ததுதான் வானிலை மன்றம்.

தினமும் பள்ளி விட்டதும் பிள்ளைகள் என் போனிலோ உங்கள் போனிலோ வானிலை அறிவிப்பைப் படிப்பார்கள். காற்று, அலை, எச்சரிக்கை மூன்றையும் குறித்துக்கொண்டு போய் ஏலக்கூடத்துப் பலகையில் எழுதுவார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கும்போது இது எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்டார். "போன்ல வந்தா தள்ளி விட்ருவாக சார். பெத்த பிள்ளை எழுதியிருந்தா நின்னு படிப்பாக" என்றீர்கள். கமுதிப் பக்கத்து மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள் நான். வடக்கேயிருந்து வரும் வாடைக்கும் மேற்கேயிருந்து வரும் கச்சானுக்கும் வித்தியாசம் அந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான்காவது மாதத்தில் அது நடந்தது. அன்று சரிபார்க்கும் முறை என்னுடையது. மதிப்பெண் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்திருந்தேன். ரோஸ்லின் நோட்டை நீட்டி, "சரியா இருக்கான்னு பாருங்க டீச்சர்" என்றாள். நான் நிமிரவே இல்லை. "சரி, போய் எழுது" என்றேன். அறிவிப்பில் இருந்த எச்சரிக்கை கன்னியாகுமரிக் கரைக்கானது. அதை நம் கரைக்கென்று எடுத்துக்கொண்டு, 'நாளை பலத்த காற்று, கடலுக்குப் போக வேண்டாம்' என்று முத்து முத்தாக எழுதி வைத்துவிட்டாள்.

மறுநாள் நம் ஊர் வள்ளங்கள் ஒன்றும் இறங்கவில்லை. கடலோ கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் மதியம் கூடை கூடையாக நண்டோடு திரும்பினார்கள். ரோஸ்லினின் அப்பா தோள் துண்டால் பலகையை அழித்துவிட்டு நேரே பள்ளிக்கு வந்தார்.

"யாரு எழுதுனது?" என்று தலைமையாசிரியர் அறையில் அவர் சத்தம் போட்டார்.

"நான்தான்ப்பா" என்றாள் ரோஸ்லின்.

"ஏழாப்புப் படிக்கிற கழுதைக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?"

இனி மன்றமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றார் தலைமையாசிரியர். நான் கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

மாலை பேருந்து நிறுத்தத்தில் உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். "இப்ப அது பிள்ளை மேல கெடக்கு டீச்சர். எடுத்துருங்க" என்றீர்கள். நம் பேருந்து வந்து நின்றது. நாம் இருவரும் ஏறவில்லை.

ரோஸ்லின் வீட்டு வாசலில் அவள் அப்பா வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை சரிபார்க்கச் சொன்னாள், நான் பார்க்காமலே அனுப்பினேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் வலையைக் கீழே வைத்தார்.

"நீங்க எழுதுனதை நம்பித்தானே டீச்சர் நின்னோம். நம்பலைன்னா போயிருப்போம்ல. அதான் கோவம்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஏ புள்ள, டீச்சர்மாருக்குத் தண்ணி கொண்டா" என்றார்.

திரும்பி வரும்போது மணலில் நின்று நீங்கள் சிரித்தீர்கள். "கேட்டீகளா? நம்பிட்டாகளாம்! நாலு மாசத்துல நம்பிட்டாகளாம் டீச்சர்!" அந்தச் சிரிப்பு இல்லையென்றால் மறுநாள் தலைமையாசிரியர் முன்னால் போய் நிற்கும் தெம்பு எனக்கு வந்திருக்காது. நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். தினமும் ஆசிரியர் கையெழுத்து இருந்தால் நடத்தலாம் என்றார். அன்று மாலை பலகையில் முதல் வரியை நானே எழுதினேன்: 'நேற்று முன்தினம் எழுதியது தவறு. அது வேறு கரைக்கான எச்சரிக்கை. சரிபார்க்காதது ஆசிரியரின் பிழை. பொறுத்துக்கொள்ளுங்கள்.' அதற்குக் கீழே ரோஸ்லின் அன்றைய காற்றை எழுதினாள்.

அதன் பிறகு காலாண்டுத் தேர்வில் இரண்டு நாள் எழுதாமல் விட்டபோது, அவள் அப்பாவே பள்ளி வாசலுக்கு வந்து, "என்ன டீச்சர், காத்தை மறந்துட்டீகளா?" என்று கேட்டாரே, அன்றும் நீங்கள் அப்படித்தான் சிரித்தீர்கள்.

மறு வருடம் உங்களுக்கு நோய் கண்டது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து மாலை நாலரைக்கு போன் வரும். பிள்ளைகள் போனைச் சுற்றி நிற்பார்கள். "இன்னைக்கு என்ன காத்து?" "கச்சான் டீச்சர், சுமாராத்தான்." "இங்கன ஃபேன் காத்துதான் கண்ணுகளா. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாசம் வாரேன்." அடுத்த மாதம் வந்தது. நாங்கள்தான் உங்கள் ஊருக்கு வந்தோம், நல்லடக்கத்துக்கு.

அதற்கு மறுநாள் பள்ளி விட்டும் பிள்ளைகள் கலையாமல் நின்றார்கள். எட்டாம் வகுப்புக்குப் போயிருந்த ரோஸ்லின், "இன்னைக்கு எழுதணுமா டீச்சர்?" என்று கேட்டாள். "எழுதணும்" என்றேன். மூன்று முறை சரிபார்த்தேன். ஏலக்கூடம் வரை கூடவே நடந்தேன். அவள் முத்து முத்தாக எழுதினாள்.

இப்போது வேறு தலைமையாசிரியர். மன்றப் பாடவேளையைத் தேர்வுப் பயிற்சிக்குத் தந்துவிடச் சொன்னார். தந்துவிட்டேன். பள்ளி விட்ட பிறகு பலகை எழுதும் அரை மணி நேரத்தை மட்டும் விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டேன். பேருந்தை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். பரவாயில்லை, நிற்கிறேன். ரோஸ்லின் இப்போது உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அங்கேயும் தொடங்கப் போகிறாளாம், மூன்று தோழிகளைக் கூட்டிக்கொண்டு போன சனிக்கிழமை நம் நோட்டைப் பார்க்க வந்தாள்.

உங்களிடம் கற்ற இன்னொன்றையும் நான் விடவில்லை. தப்பு என்னுடையதென்றால் அன்றைக்கே, பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இன்றுவரை எளிதாக வரவில்லை, நாக்கு கூசத்தான் செய்கிறது. சென்ற வாரம் ஆறாம் வகுப்பில் ஒரு சொல்லைத் தவறாகப் பிரித்துக் காட்டிவிட்டேன். பாதிப் பேர் எழுதியே முடித்துவிட்டார்கள். திரும்பி நின்று, "நான் சொன்னது தப்பு" என்றேன். முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி ரப்பரை எடுத்துத் தன் நோட்டில் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"அதனால என்ன டீச்சர். அழிச்சிட்டு எழுதுங்க."

அழித்துவிட்டு எழுதினேன்.