மை அப்பிய கையோடு உன் பின்னால்

வின்யா பேட்டை, காடிஸ்
வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

அன்புள்ள செர்வாண்டோவுக்கு அம்மா எழுதுவது.

கப்பல் உங்களை ஹாம்பர்க்கில் இறக்கிவிட்டு நாலு நாள் ஆகிறது என்று கீழ்வீட்டு பட்ரோ விரல் விட்டு எண்ணிச் சொன்னாள், நீயும் வீப்கேயும் வயிற்றுக் கோளாறு எதுவுமில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தால் அதுவே எனக்குப் போதும். இங்கே நான் சாப்பிடுகிறேன், நடக்கிறேன், ஆபரேஷன் பண்ணின முட்டி மழைக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் பேசும், மற்றபடி பால்மா மாதா பார்த்துக்கொள்கிறாள். போனில் உன்னிடம் பாஸ்தோரா சித்தியைப் பார்க்க சான் ஃபெர்னாண்டோ போயிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். சித்தியைப் பார்த்து ஒரு மாசம் ஆகிறது. நீ விடவில்லை, "அம்மா, பொய் சொல்லாத, நீ ஊர்லதான் இருந்தேன்னு பழக்கடை காசிமிரோ சொன்னாரு. உனக்கு யாரைப் பாக்கப் புடிக்கல, என்னையா, வீப்கேவோட அப்பா அம்மாவையா? சொல்லிடு, கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போடறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணணும்" என்றாய், நான் பட்டென்று போனை வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வராது என்பதால்தான் எழுதுகிறேன். நீங்கள் இங்கே வந்த அன்று முழுக்க நான் உன் பின்னாலேயேதான் இருந்தேன்.

காலையில் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனபோதே அந்தக் கப்பலைப் பார்த்து வாய் ஓயாமல் வைதேன். துறைமுகத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தைக் கொண்டுவந்து நிறுத்தின மாதிரி நிற்கிறது, கடலே தெரியவில்லை, புகையெல்லாம் துவைத்த விரிப்பின் மேல். இன்றைக்கு நாலாயிரம் பேரைக் கக்கப் போகிறது பார் என்று அடுத்த மாடிக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் கீழே வந்தேன். அந்த நாலாயிரத்தில் ஒன்று நான் பெற்றது என்று எனக்கு எப்படித் தெரியும்? பத்து மணி இருக்கும், கணவாய் மீன் அரிந்துகொண்டிருந்தேன், மைப்பை உடைந்து முழங்கை வரைக்கும் கறுப்பு. கீழ்வீட்டு பட்ரோ மூச்சு வாங்க ஓடி வந்தாள், "ரெக்லாக்கா, கத்தியப் போடு, ஒம் புள்ள மீன் மார்க்கெட்ல நிக்கிறான், நெஞ்சுல நம்பர் ஒட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள வரிசையில கூட்டிட்டுப் போவாங்களே அது மாதிரி!" என்றாள். முதலில் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று வருஷமாக வராத பிள்ளை, வந்தால் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமலா வருவான்? இருந்தாலும் வீட்டுச் செருப்போடு, இடுப்பில் கட்டின சமையல் துணியோடு, அந்தக் கறுப்புக் கையோடு ஓடினேன்.

மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. மீன் வாடை எனக்குப் பிறந்த வீட்டு வாடை, அதில்லை, அந்த வெயில் களிம்பு வாடை, தேங்காயும் மருந்தும் கலந்து, வழவழவென்று. இறாலின் மேலும் அதுதான், ரொட்டியின் மேலும் அதுதான். ஒருத்தன் சூரை மீனின் வாயைப் பிளந்து தன் தலையை உள்ளே விடுவது மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறான், செத்த பிறகும் அந்த ஜீவனுக்கு மரியாதை கிடையாது. உன் மாமனார் டெட்லெஃப், காலுறை போட்டு அதன் மேல் செருப்பு மாட்டியிருந்தாரே (அவரிடம் யாராவது சொல்ல மாட்டீர்களா), அவர் ஒரு விரலால் கணவாயின் கண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தார். மீன்காரி சும்மா விடுவாளா, "தொட்டா வாங்கணும் சாமி, கல்யாணப் பொண்ணா என்ன, தொட்டுப் பாத்துட்டு யோசிக்கிறேன்னு போறதுக்கு?" என்று கத்தினாள், மார்க்கெட்டே சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே அவருக்கு ஏதோ ஜெர்மனில் சொன்னாய், அவர் மீன்காரிக்குக் கும்பிடு போட்டார், நல்லதாகத்தான் ஏதோ மாற்றிச் சொல்லியிருப்பாய். உன் நெஞ்சில் பதினான்கு என்று ஒட்டியிருந்தது. நான் பேர் வைத்துக் கூப்பிட்ட பிள்ளைக்கு நம்பர்.

அப்போதே கூப்பிட்டிருக்கலாம். பதினைந்து அடிதான். உன் மாமியார் ஹைக்கே வெள்ளை உடையில் பளிச்சென்று நின்றாள், நான் கறுப்புக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், அவனே பார்க்கட்டும் என்று நினைத்தேன். நீ திரும்பினாய், கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து நேரே என்னைப் பார்த்தாய், உன் பார்வை என் மேல் பட்டு எலுமிச்சைக் கூடைக்குப் போய்விட்டது. செர்வாண்டோ, நான் போன வருஷம் கொண்டையை வெட்டிவிட்டேன், சாயம் போடுவதையும் விட்டாயிற்று, முழுக்க வெள்ளை. உன்னிடம் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்த அம்மா கறுப்புக் கொண்டைக்காரி, அந்தக் கூட்டத்தில் ஒரு நரைத்த கிழவியை நீ எங்கே கண்டுபிடிப்பாய் என்று இப்போது நியாயம் பேசுகிறேன். அன்றைக்குப் பேசவில்லை. இவன் என்னைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டான் என்று அப்படியே முடிவு கட்டிவிட்டேன், பட்ரோ கையைப் பிடித்து இழுத்தபோதும் உதறிவிட்டு, நீ எதற்காக வந்தாய், எங்கெங்கே போகிறாய் என்று பார்த்துவிடுவது என்று உங்கள் பின்னால் நடக்கத் தொடங்கினேன்.

நம் ஊர் இவ்வளவு அசிங்கமாகிவிட்டது என்று வெளியூர்க்காரர் பின்னால் நடந்தால்தான் தெரிகிறது. பெரிய கோயில் வாசலில் ஈர நீச்சலுடையோடு படியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் நக்குகிறார்கள், வழிந்தது வழிந்தபடி கிடக்கிறது, புறாக்கள் அதைத் தின்கின்றன. சந்து மூலையெல்லாம் மூத்திர நாற்றம், எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவரை மட்டும் போட்டோ எடுக்கிறார்கள். உன் அப்பா கடைசி வரைக்கும் செருப்பு வாங்கின கடையில் இப்போது குளிர்பெட்டியில் ஒட்டுகிற காளை மாட்டுப் பொம்மை விற்கிறார்கள், இந்த ஊரில் காளைச் சண்டை மைதானத்தை இடித்தே எத்தனையோ காலம் ஆகிறது. அந்தக் குடைக்காரப் பெண், ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று உங்களை ஓட்டிக்கொண்டு போனாளே, அவள் ஒரு மொட்டைச் சுவரைக் காட்டி ஏதோ சொன்னதும் எல்லோரும் ஆ என்று வாயைப் பிளந்தீர்கள். அந்தச் சுவர் என்ன தெரியுமா, குழாய் பதிக்கத் தோண்டினபோது பாதி இடிந்து விழுந்த சைக்கிள் கடைச் சுவர். நீ பிறந்து வளர்ந்தவன், நீயும்தான் தலையை ஆட்டினாய்.

அப்புறம் சாப்பாடு. பன்னிரண்டரை மணிக்கு, இந்த ஊரில் அடுப்புகூடப் பற்ற வைக்காத நேரத்தில், வாசலில் சாப்பாட்டைப் படம் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிற அந்தக் கடையில் போய் உட்கார்ந்தீர்கள். படம் வெயிலில் வெளுத்து இறால் எல்லாம் நீல நிறத்தில் இருந்தது, அதைப் பார்த்த பிறகும் ஒரு மனிதன் உள்ளே போவானா? பரிமாறின பையனிடம் நீ பேசினதைத் தூணுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன், டிவியில் செய்தி வாசிக்கிற ஆள் மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் முழுசாகச் சொல்லுகிறாய், பாதி வார்த்தையை விழுங்கிப் பேசுகிற நம் பேச்சை எங்கே தொலைத்தாய்? அந்தப் பையன் நம் பேட்டைப் பையன்தான், உன்னை அடையாளம் தெரியாமல் "சார் எந்த ஊரு, மாட்ரிடா?" என்று கேட்டான். மஞ்சள் சோறு வந்தது. அந்தச் சோற்றைக் கண்டுபிடித்த வலென்சியாக்காரன் பார்த்தால் வழக்குப் போடுவான், உறைய வைத்ததைச் சூடு பண்ணி ஒரு எலுமிச்சைத் துண்டைச் செருகியிருந்தார்கள், கூடவே ஜாடி நிறைய சிவப்புச் சர்க்கரைத் தண்ணீர், பழத் துண்டு மிதக்கிறது, சங்க்ரியா ஒயினாம். பொரித்த மீன் இருக்கிறது, கூனி இறால் அடை இருக்கிறது, வினிகரில் ஊறின சுறா இருக்கிறது, நாலு தப்படி தள்ளி எல்லாம் சுடச்சுட இருக்கிறது, நீ அவர்களை அங்கே உட்கார வைத்தாய்.

ஒன்று சொன்னால் முகம் சுளிப்பாய், சுளித்துக்கொள். நீங்கள் எழுந்து போன பிறகு அந்த மேசைக்குப் போனேன். மூன்று தட்டு வழித்து நக்கியிருந்தது, உன் தட்டு மட்டும் அப்படியே இருந்தது. அந்த எச்சில் சோற்றை ஒரு வாய் எடுத்துத் தின்று பார்த்தேன், என் பிள்ளைக்கு என்னதான் போட்டார்கள் என்று. தூ, கோந்து. போஸ்டர் ஒட்டலாம். பையன் ஓடி வந்து "பாட்டி, பசிக்குதுன்னா உள்ள வாங்க, ரொட்டி தரேன்" என்றான், பிச்சைக்காரி என்று நினைத்துவிட்டான். நீ ஏன் சாப்பிடவில்லை என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு மூன்று மணிக்கு, நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு, நீ யார் வீட்டுக்குப் போக இருந்தாய் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றினது வேறு, துரைக்கு இப்போது நம் ஊர்த் தண்ணீரே ஆகாது என்று.

காலேத்தா கடற்கரையில் நீங்கள் காலை நனைத்துவிட்டு எழுந்தபோது நேரே துறைமுகத்துக்குப் போவீர்கள் என்றுதான் நினைத்தேன். நம் தெருவுக்குத் திரும்பினீர்கள். நெஞ்சிலிருந்த நம்பரைப் பிய்த்துப் போட்டாய், மூலைக் கடையில் பூ வாங்கினாய், வீப்கே பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். நான் எதிர்வீட்டு நடைக்குள், கதவு இடுக்கில். நீ மணியை அடித்தாய், மறுபடி அடித்தாய், அப்புறம் இரண்டு கையையும் வாயில் வைத்து "அம்மோவ்!" என்று கூப்பிட்டாய், செய்தி வாசிக்கிற குரல் இல்லை, நம் வீட்டுக் குரல். மேல்மாடியில் இருந்த என் போன் அடிப்பது தெருவுக்கே கேட்டது. காசிமிரோ கடையை விட்டு வந்து, "இப்பத்தான்பா, இல்ல, காலையிலயே, செருப்பு தேய ஓடினாங்க மார்க்கெட்டுப் பக்கம், ஒன்னப் பாக்கத்தான்னு நெனச்சேன்" என்றார். நீ படியில் உட்கார்ந்தாய். வீப்கே செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள், நல்ல பெண். டெட்லெஃப் பூவைச் சாய விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார், காலுறையோடு செருப்பு போட்டாலும் நல்ல மனிதர்தான் போலிருக்கிறது.

ஐந்தடித் தெரு. ஒரு வார்த்தை கூப்பிட்டால் முடிந்தது. ஏன் கூப்பிடவில்லை என்றுதானே கேட்கிறாய். எனக்கு இனித்தது, செர்வாண்டோ. நீ கடிகாரத்தைப் பார்த்ததும், மேலே பார்த்ததும், மறுபடி உட்கார்ந்ததும் எனக்கு இனித்தது. மூன்று வருஷமாக நான் இந்தப் பக்கம் காத்து உட்கார்ந்திருக்கிறேன், அரை மணி நேரம் இவனும் உட்காரட்டும், எப்படி இருக்கிறது என்று தெரியட்டும் என்று நின்றேன். அன்று காலையிலிருந்து எத்தனையோ கண்றாவியைப் பார்த்தேன், களிம்பு, மூத்திரம், நீல இறால், எச்சில் சோறு, இதை மாதிரி அருவருப்பு எதிலும் இல்லை, பெற்ற பிள்ளை காத்துக் கிடப்பதைப் பார்த்து உள்ளுக்குள் சப்புக்கொட்டினேனே. பிறகு நேரமாகிவிட்டது, எல்லோரும் எழுந்தீர்கள், நீ கதவைப் பார்த்துத் திரும்பி நின்றாய், உன் தோள் குலுங்கியது. ஹைக்கே தன் கைக்குட்டையை எடுத்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது மாதிரி உன் முகத்தைத் துடைத்தாள். அந்த நொடியில் இனிப்பு போய்விட்டது. வெளியே வரத்தான் நினைத்தேன், இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று நீ கேட்டால் எதைச் சொல்வது, கதவு இடுக்கிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் மூலை திரும்பின பிறகு காசிமிரோ, நீங்கள் விட்டுப்போன அந்தப் பூவை என் கறுப்புக் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

உனக்கு யாரைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று கேட்டாய். அன்று உன்னைக் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் பார்த்தேன், நீ தொட்டிலில் கிடந்த காலத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் உன்னைக் கண்ணெடுக்காமல் நான் பார்த்ததே இல்லை. பின்மண்டையில் முடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது, உன் அப்பாவுக்கும் அங்கேதான் தொடங்கியது, தொப்பி இல்லாமல் வெயிலில் அலையாதே. சங்க்ரியாவைத் தொடாதே. டிக்கெட் போடு என்று சொல்ல எனக்கு வாயில்லை, போடாதே என்று சொல்லவும் முடியவில்லை, நீயே முடிவு பண்ணு. வந்தால் மணியடிக்க வேண்டாம், நேற்றே ஒரு சாவி செய்து காசிமிரோவிடம் கொடுத்துவிட்டேன்.

நீயும் வீப்கேயும் ஒருவரையொருவர் காக்க வைக்காமல் நன்றாக இருக்க வேண்டும், பால்மா மாதா உங்களை மடியில் வைத்துக் காப்பாற்றட்டும். மறக்காமல் ஹைக்கேயிடம் இதை அவர்கள் பாஷையில் சொல், மாற்றிச் சொல்லாமல் அப்படியே சொல்: கைக்குட்டைக்கு நன்றி, இனிமேல் அவன் அழுதால் நானே துடைத்துவிடுகிறேன்.

உன் அம்மா,
ரெக்லா