கெட்டுப்போகக் கட்டிய காயில்

கணபதி, கோயமுத்தூர்
20.1.1997

அன்புள்ள கிருபாசங்கருக்கு,

லட்சுமணசாமி எழுதுவது. நான் சுகம், மோட்டார் காயில் கட்டும் கடையும் சுகம். நீ ஹாலந்தில் சுகமாக இருப்பதைத் தீபாவளி மலரிலேயே அரைப் பக்கத்துக்குப் போட்டுவிட்டார்கள் என்பதால் விசாரிக்கவில்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு, வெள்ளித் தவலை மாதிரி ஏதோ ஒன்றின் மேல் கையை வைத்து நிற்கிறாய். குவாண்டம் கணிப்பொறிக்கு வழிகாட்டும் கொங்குத் தமிழர் என்று தலைப்பு. சலூனில் உட்கார்ந்து படித்தேன். முடி வெட்டுகிறவர், "ஏனுங்க, உங்க சிநேகிதருங்களா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் உன் அம்மா. வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனைமலையிலிருந்து நான்தான் பஸ்ஸில் கூட்டி வந்து, ஐந்து நாள் எங்கள் வீட்டில் வைத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டேன். கட்டைப் பிரித்ததும் அவர் கேட்டது அந்த மலரைத்தான். இப்போது அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் அதைப் பார்த்த பிறகுதான் காபி. எழுத்து இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று ஒவ்வொரு முறையும் என்னைப் படிக்கச் சொல்கிறார். உன் பெருமையை நான் சத்தமாகப் படிக்கவேண்டியிருக்கிறது. எரிச்சலை முழுங்கிக்கொண்டு படிக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு பங்காரம்மா. அவருடைய மகள் பிரவீனா. உன் அம்மா சொன்ன கதைகளைக் கேட்டு உன்னைப்போல ஆகவேண்டும் என்று பிஸிக்ஸ் எடுத்த பெண். நீ படித்த அதே கல்லூரி, அதே லேப், அதே தனபால் சாரிடம் பிஎச்.டி. இது ஐந்தாவது வருடம்.

தனபால் சார் அவளுக்குக் கொடுத்த வேலை, நீ 1990இல் வரைந்த கோட்டை மறுபடி வரைந்து, அங்கிருந்து மேலே போவது. குளிரவைத்தால் கரண்டைத் தடையே இல்லாமல் விடுமே, இஞ்சிமரப்பா அளவுக்கு இருக்கும் அந்தக் கருப்பு வில்லையைத் திரவ நைட்ரஜனில் முக்கி, கரண்டை மெல்ல ஏற்றினால், ரிக்கார்டர் பேனா நேராகப் போகாமல் சம இடைவெளியில் பள்ளம் பள்ளமாக விழும் என்று நீ எழுதினாய். அந்தப் பள்ளங்கள்தான் குவாண்டம் என்றாய். அவளுக்குப் பேனா நேராகவே போகிறது. பெண்பிள்ளைக்குக் கை பதறுகிறது என்கிறார் தனபால் சார். பள்ளம் விழுகிறவரைக்கும் தீசிஸில் கையெழுத்துப் போடமாட்டாராம். ஜூன் மாதத்தோடு அவளுடைய பதிவுக் காலம் முடிகிறது. அதற்குள் தீசிஸ் போகாவிட்டால் ஐந்து வருடமும் தண்டம்.

போன வாரம் ஒரு காயில் சுற்றித்தரச் சொல்லிக் கடைக்கு வந்தாள். "கிருபாசங்கர் சாரோட கை வேறைங்கண்ணா, எனக்கு வரலைங்க" என்றாள். வெறும் வயிற்றோடு வந்திருந்தாள் போலிருக்கிறது, டீயை இரண்டு மடக்கில் குடித்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பால் சங்கத்தின் சினை ஊசி டிப்போவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் நைட்ரஜன் வரும். மாட்டுக்கு வந்ததில் மிச்சத்தைக் கெஞ்சி வாங்கி, என் டிவிஎஸ் 50இல் கேனை வைத்து நாம்தான் கொண்டுபோனோம். லேப் போய்ச் சேர மதியம் இரண்டு மணி ஆகும். சாயங்காலத்துக்குள் ஆவியாகிப் போய்விடும் என்பதால் உடனே அளக்க உட்காருவாய். சுவருக்கு அந்தப் பக்கம் கேன்டீனில் கண்ணையா மறுநாள் இட்லிக்கு மாவு ஆட்டுவதும் அந்த நேரம்தான்.

உன் கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகையில் ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த கிரைண்டர் மோட்டார் புகைந்துபோய் என் கடைக்கு வந்தது. பிரித்தால் காயில் இரும்புப் பாடியைத் தொட்டுக் கரண்டு கசிந்துகொண்டிருந்தது. எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். உன் லேப் எர்த்தும் அதே குழாயில்தான். புதுக் காயில் கட்டி, எர்த்தையும் தனியாகப் போட்டுக் கொடுத்தேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து உன் பள்ளங்கள் காணாமல் போயின. நீ கடைக்கு வந்து என்னடா செய்தாய் என்று கேட்டாய். சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுமுடித்துவிட்டு, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்டா" என்றாய். நானும் சரி என்றேன். அந்தச் சரியை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

நீ அந்தக் கட்டுரையைக் காட்டி வேலை வாங்கினாய், பெரிய ஆளானாய். ஆகிவிட்டுப் போ. போன கடிதத்தில் குவாண்டம் கணிப்பொறி என்றால் என்னவென்று எனக்கு விளக்கியிருந்தாய். யாரும் பார்க்காதவரைக்கும் அது பூஜ்யமாகவும் இருக்குமாம், ஒன்றாகவும் இருக்குமாம். இதற்கு ஹாலந்து வரைக்கும் போயிருக்கவேண்டாம், கண்ணாடி பார்த்திருந்தால் போதும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தனபால் சாருக்கு ஒரு வரி எழுது. அந்த அளவு தப்பு, கிரைண்டர் கரண்டு கலந்துவிட்டது, அந்தப் பெண்ணின் கோடுதான் சரி. அவ்வளவுதான். வேண்டுமானால் உனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று எழுதிக்கொள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பனிக் காலம் என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொள்.

உன்,
லட்சுமணசாமி

*

கணபதி, கோயமுத்தூர்
30.3.1997

அன்புள்ள கிருபாவுக்கு,

உன் கார்டு கிடைத்தது. முன்னால் காற்றாலைப் படம், பின்னால் நான்கு வரி. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், பழையதைக் கிளறி யாருக்கும் லாபமில்லை, அந்தப் பெண்ணை வேறு வில்லை செய்து பார்க்கச் சொல், நீ இதில் தலையிடாதே. நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. தன்னைத் தானே திருத்திக்கொண்ட மோட்டார் ஒன்றுகூட என் கடைக்கு வந்ததில்லை. யாராவது ஒருவர் கையில் அழுக்குப் படத்தான் வேண்டும்.

அதனால் நானே இறங்கினேன். என் வாயால் சொன்னால் உன் மேல் பொறாமை என்பார்கள். எஸ்எஸ்எல்சி படித்தவன் பேச்சை அந்தக் கட்டிடத்தில் யார் கேட்பார்கள்? எனக்குத் தெரிந்த வழியில் காட்டுவதென்று முடிவு செய்தேன். கண்ணையாவின் மோட்டார் மாதிரியே ஒரு பழைய மோட்டாரைப் பிடித்து, அதைக் கெட்டுப்போகும்படி கட்டினேன்.

உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். காயில் பாடியைத் தொடாமல் இருக்க வைக்கிற பேப்பரை கம்பி இறங்கும் காடிகளில் ஒன்றில் வைக்காமல் விடவேண்டும், வார்னிஷைப் பாதியில் நிறுத்தவேண்டும். இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் கை தானாகப் பேப்பரை எடுத்து உள்ளே வைத்துவிட்டது. பிரித்துப் பிரித்துக் கட்டினேன். மூன்றாவது முறை என் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் பேப்பரை எடுத்தால் கையில் தட்டு என்றேன். கட்டி முடித்துவிட்டு அதை மூட்டை கட்டி மூலையில் வைத்தேன். யாராவது வாடிக்கைக்காரர் பார்த்து நம் வேலை என்று நினைத்துவிடுவார்களோ என்று வெட்கமாக இருந்தது. நான் ஒரு மோட்டாருக்கு வெட்கப்பட்டேன், கிருபா. நீ ஏழு வருடமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பிரவீனா நைட்ரஜன் கேனோடு வந்துவிட்டாள். பழைய காலத்து எர்த் கோளாறு ஒன்றைப் பார்க்கப்போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். கண்ணையாவைக் கெஞ்சி, அந்த மோட்டாரை கிரைண்டரில் மாட்டி, எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டினேன். யாரும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, ரப்பர் பாய் மேல் நின்று நானே அரிசியைப் போட்டேன். ஜன்னல் வழியாக லேப் தெரிந்தது.

பேனா பள்ளம் பள்ளமாக விழ ஆரம்பித்தது. அழகான, சம இடைவெளிப் பள்ளங்கள். தனபால் சார் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். "வந்திருச்சு பாரம்மா, நான் சொன்னேனல்ல, கை படிஞ்சிருச்சு" என்று ஒரே சிரிப்பு. மைசூர்பா வாங்கிவர ஆள் அனுப்பிவிட்டார். நான் ஸ்விட்சை அணைத்தேன். பேனா நேராகப் போனது. போட்டேன், பள்ளம். அணைத்தேன், நேர்கோடு. தனபால் சாரை ஜன்னலுக்குக் கூப்பிட்டு, ஸ்விட்சைக் காட்டி மூன்று முறை செய்தேன். கல் ஒரு சுற்றுச் சுற்றி மாவில் திணறும்போது ஒரு பள்ளம். நான் முப்பத்திரண்டு சுற்று எண்ணினேன், பிரவீனா காகிதத்தில் முப்பத்திரண்டு பள்ளம் எண்ணினாள். அதற்குள் மைசூர்பா வந்துவிட்டது. யாரும் எடுக்கவில்லை.

தனபால் சார் எவ்வளவு சீக்கிரம் சுதாரித்தார் தெரியுமா? தீசிஸில் கிரைண்டர் என்று எழுதினால் யுனிவர்சிட்டியே சிரிக்கும் என்றார். அச்சில் வந்த கட்டுரைக்கு விரோதமாக இவள் எழுதினால் தன்னால் கையெழுத்துப் போடமுடியாது என்றார். அப்புறம் குரலை இறக்கி, அளந்ததெல்லாம் கிருபாசங்கர்தான், கட்டுரையில் பெயர் மட்டும்தான் தன்னுடையது என்றார். ஆக நீ அளந்தாய், பார்க்கவில்லை. அவர் பெயர் போட்டார், அவரும் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் டாக்டர் பட்டம் இருக்கிறது. கடைசியில் அவர் சொன்னது இது. கிருபாசங்கர் தன் கையால் தப்பென்று எழுதிக் கொடுத்தால், அன்றைக்கே தீசிஸில் கையெழுத்துப் போடுகிறார். இல்லாவிட்டால் இல்லை.

பிரவீனா ரிக்கார்டர் காகிதத்தைக் கிழித்து, தேதி போட்டு, கிரைண்டர் ஓடியது, நின்றது என்று குறித்து, ஃபைலில் வைத்தாள். வெளியே வந்த பிறகு என்னிடம் கேட்டாள். "அண்ணா, இது கிருபாசங்கர் சாருக்குத் தெரியுமுங்களா?" எனக்குத் தெரியாது என்றேன். உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது. அவள் நம்பினாளா என்று தெரியவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அத்தோடு விட்டிருப்பேன். முந்தாநாள் வெள்ளிக்கிழமை நடந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண் மருந்து வாங்கிக்கொண்டு ஆனைமலை போயிருந்தேன். பங்காரம்மா அங்கே உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பை வர மிளகாய். யாரோ செய்த தப்பினால் தன் மகளுடைய படிப்பு நின்றுபோய்விட்டது, ஆள் யாரென்று மகள் சொல்லமாட்டேன் என்கிறாள், மாசாணியம்மனிடம் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருகிறேன் என்றார். அநியாயம் செய்தவன் உடம்பு எரியட்டும் என்று அங்கே அரைப்பார்கள், உனக்குத் தெரியாததா. உன் அம்மா உடனே எழுந்துவிட்டார். "என்ற பையனைப் பார்த்துப் படிக்க வந்த புள்ளை, நானும் ஒரு கை அரைக்கறேன் கண்ணு" என்றார். கண் ஆபரேஷன் செய்திருக்கிறது, மிளகாய் நெடி ஆகாது, வேண்டாம் அம்மா என்று நான் எத்தனையோ சொன்னேன். காரணத்தை மட்டும் சொல்ல முடியவில்லை. என்ன காரணம் சொல்வேன்?

ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து பங்காரம்மா கொஞ்சம், உன் அம்மா கொஞ்சமாக அரைத்தார்கள். நான் மிளகாய்ப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு இந்தக் கோயில், மிளகாய் எல்லாவற்றிலும் நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும். இருந்தும் அம்மன் முகத்தைப் பார்க்காமல் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பங்காரம்மா பூசும்போது சபித்தார், முழுக்க எழுத மனம் வரவில்லை. உன் அம்மா முறை வந்தது. விழுதை இரண்டு கையாலும் அள்ளி அம்மன் மேல் பூசிக்கொண்டே சொன்னார். "தாயே, யாரு பெத்த பையனோ, அவனுக்கு ஒண்ணும் ஆகவேண்டாம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை உண்மையச் சொல்லிப்போட்டான்னா போதும். அவனைப் பெத்தவளும் என்னையாட்டத்தான இருப்பா."

கை எரிகிறது என்றார். தண்ணீர் ஊற்றினேன், அடங்கவில்லை. கடையில் தேங்காயெண்ணெய் வாங்கி நானே இரண்டு உள்ளங்கையிலும் தடவிவிட்டேன். சாயங்காலம் வரைக்கும் எரிந்தது. எரிந்த கையோடு எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, சுவரில் இருந்த உன் படத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

நியாயம் கிடைத்துவிட்டால் போய் எண்ணெய்க் காப்பு வைத்து அம்மனைக் குளிர்விக்கவேண்டுமாம். அதற்கும் தானே வருவதாகப் பங்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் நான்தான் கூட்டிப்போவேன்.

தனபால் சார் விலாசம் உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் இந்த உறைக்குள் தனியாக ஒரு கவரில் எழுதி வைத்திருக்கிறேன். நீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும்.

அம்மா வேண்டிக்கொண்டது பலிக்கட்டும். நல்லா இருடா.

லட்சுமணசாமி